புதுப்பிப்பு: பையனின் ராத்திரி இருமல், மூன்று மாதம் கழித்து

கார்த்திகையில் எழுதியிருந்தேன்: கடலூர் முதுநகர் தாண்டி ஆலைகளுக்குப் பக்கத்தில் வீடு, ஆறு வயதுப் பையன் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிறான், இன்ஹேலர் கொடுத்தால் பழகிப்போகுமா என்று. பழகாது. நான்தான் பயந்து மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

ஆஸ்துமாதான் என்றார் டாக்டர். நீல இன்ஹேலர் இழுப்பு வந்தால் மட்டும். இன்னொன்று, இழுப்பு வராமல் தடுப்பது, தினமும், இருமல் இல்லாத நாளிலும். அதை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்துக் கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வைக்கிறேன், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியுமாம். ஸ்பேசரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், தப்பு! சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விட வேண்டும், துடைத்தால் மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கம்பெனிப் புகைதானே காரணம் என்று பலர் கேட்டீர்கள். இவனுக்கு அதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை. என் அம்மாவுக்கும் இழுப்பு உண்டு. ஆனால் ஆலைப் புகையில் வரக்கூடிய கந்தக டை ஆக்சைடு வாயு ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே சுருக்கிவிடும். காற்றில் மிதக்கும் பிஎம் 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40. சரி, அதை நான் மாற்ற முடியாது.

உப்பனாற்றுப் பக்கமிருந்து நாற்றம் வந்தால் ஜன்னலை மூடுகிறோம். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. அம்மா சாம்பிராணியை மட்டும் விடமாட்டேன் என்கிறார், அதை வாசலுக்குத் தள்ளியாச்சு. அப்புறம், இந்த மாதம் இரண்டு ராத்திரிதான் எழுந்தான்.