பீசோமீட்டர் 1.4 மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. எதை நம்புவது?

செம்மண்தூசி:
வணக்கம். ஜாம்பியாவின் காப்பர்பெல்ட்டில் ஒரு செப்புச் சுரங்கத்தில் வேலை. இத்தனை நாள் சாலை, கட்டடம் என்று சிவில் பக்கம் இருந்தேன். மூன்று மாதமாக டெய்லிங்ஸ் அணை (தாது எடுத்தபின் மிஞ்சும் கழிவுச்சேற்றைத் தேக்கும் அணை) கண்காணிப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வகுப்பு முடிந்துவிட்டது. இப்போது களப்பயிற்சி: எங்கள் அணையின் அளவீடுகளை வைத்தே டார்ப் அட்டவணை (எந்த அளவைத் தாண்டினால் யார், என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்) தயாரித்து வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே ஆழத்தில், ஒரு ஸ்டாண்ட்பைப்பும் (நீர்மட்டம் பார்க்க இறக்கிய, அடியில் துளையிட்ட குழாய்) ஒரு வைப்ரேட்டிங் வயர் பீசோமீட்டரும் (மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தை அதிரும் கம்பியால் அளக்கும் கருவி) இருக்கின்றன. குழாயில் டிப் மீட்டர் (நீர்மட்டம் காட்டும் அளவுநாடா) விட்டுப் பார்த்தால் முனைக்கு மேல் 7.2 மீட்டர் நீர். வயர் கருவி 5.8 என்கிறது. மஞ்சள் எச்சரிக்கை 7.0-இல் தொடங்குகிறது. வயரை நம்பினால் பச்சை, குழாயை நம்பினால் மஞ்சள்!

இன்னொரு குழப்பம்: வயர் கருவி காலை பத்து மணிக்குக் காட்டுவதைவிட மாலை நான்கு மணிக்கு 3, 4 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. கேபிள், ஜி ஃபேக்டர் (ரீடிங்கை அழுத்தமாக மாற்றும் எண்), வெப்பத் திருத்தம் எல்லாம் பார்த்துவிட்டேன். மூன்று நாளாக இதே கதை.

ஊற்றுக்கண்:
இரண்டுமே சரியாக இருக்கலாம், நண்பரே. அடியில் வடிகால் இருந்தால் கழிவுச்சேற்றில் நீர் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது ஆழத்துக்கு ஏற்ற முழு அழுத்தம் முனையில் இருக்காது. உங்கள் ஸ்டாண்ட்பைப்பில் துளையிட்ட பகுதி எத்தனை மீட்டர் நீளம்? நீளமாக இருந்தால் அது பல மட்டங்களின் நீரைக் கலந்து காட்டும். இன்னொன்று, மெல்லிய சேற்றில் குழாய் நீர்மட்டம் நிலைக்கு வரவே நாள்கணக்கில் ஆகும். குழாய் சொல்வதை வேதவாக்காக எடுக்காதீர்கள்.

செம்மண்தூசி:
துளைப்பகுதி ஒரு மீட்டர்தான். மட்டம் ஆறு வாரமாக அசையவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதால் மற்றவற்றையும் ஒப்பிட்டேன். இதே தொகுப்பில் வாங்கிய இன்னும் இரண்டு கருவிகள் வேறு வேறு இடங்களில் உள்ளன. அவற்றிலும் வித்தியாசம் 1.4-தான். பழைய கருவிகள் இரண்டும் பக்கத்துக் குழாய்களோடு ஒத்துப்போகின்றன.

கோலார் பேரன்:
தம்பி, மூன்று இடத்திலும் 1.4 என்றால் அது வடிகாலின் வேலை இல்லை. வடிகால் இடத்துக்கு இடம் மாறும். ஜீரோ ரீடிங் (பதிக்கும் முன், நீரழுத்தம் இல்லாதபோது எடுக்கும் தொடக்க அளவு) எங்கே எடுத்தது? தொழிற்சாலைச் சான்றிதழில் இருந்த எண்ணை அப்படியே போட்டிருக்கிறார்களா?

மூடிய வகைக் கருவி நீரழுத்தத்தோடு காற்றழுத்தத்தையும் சேர்த்தே உணரும். உங்கள் காலை மாலை ஆட்டமும் அதனால்தான். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் பத்து மணி வாக்கில் ஏறி நான்கு மணி வாக்கில் இறங்கும். 3, 4 மில்லிபார் வித்தியாசம் என்றால் 3, 4 சென்டிமீட்டர் நீர். அது தெரிகிறது என்றாலே உங்கள் கணக்கில் காற்றழுத்தத் திருத்தம் இல்லை என்று அர்த்தம்.

நீங்கள் இருப்பது ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட அங்கே காற்றழுத்தம் சுமார் 13, 14 கிலோபாஸ்கல் குறைவு. மீட்டர் நீராக மாற்ற 9.81-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஸ்டோரில் அதே தொகுப்பின் உபரிக் கருவி இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வெப்பம் சமமாகும் வரை விடுங்கள். பிறகு வெளியே தூக்கிச் சான்றிதழ் ஜீரோவோடு படியுங்கள். காற்றில் பூஜ்யம் வர வேண்டும்.

(தாத்தா தங்கவயலில் நிலத்தடியில் இருந்தவர். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் அந்த சயனைடு மண்மேடுகள் ஊரை விட்டுப் போகவில்லை. இந்தத் துறைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

செம்மண்தூசி:
அண்ணா, காற்றில் மைனஸ் 13.7 கிலோபாஸ்கல்! 1.4 மீட்டர்! பழைய கருவிகளுக்கு முன்பிருந்த டெக்னீஷியன் இங்கேயே ஜீரோ எடுத்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். புதிய தொகுப்புக்கு யாரும் எடுக்கவில்லை. பதித்தாயிற்று, இனி தோண்டி எடுக்க முடியாது. என்ன செய்வது? மேலாளரிடம் சொன்னால் "பயிற்சிக் கணக்குதானே, வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்கிறார்.

பழைய காவலாளி:
திருத்துவது எளிது. சான்றிதழில் அன்றைய காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும். தளத்தில் இப்போதுள்ள அழுத்தத்தை அதிலிருந்து கழித்து, வரும் வித்தியாசத்தை ரீடிங்கோடு கூட்டுங்கள். ஒரு பொறி இருக்கிறது: விமான நிலையமும் வானிலை ஆப்பும் தருவது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். அதைப் போட்டால் பிழை அப்படியே இருக்கும், நீங்கள் திருத்திவிட்டதாக நினைப்பீர்கள். அணைமேட்டிலேயே ஒரு பாரோமீட்டர் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். மஞ்சளைத் தாண்டியது பயிற்சித் தாளில் இல்லை, அணையில். என்ஜினியர் ஆஃப் ரெக்கார்டுக்கு (அணைக்குப் பொறுப்பான பொறியாளர்) இன்றே எழுத்தில் சொல்லுங்கள், மேலாளருக்கும் நகல் போகட்டும். நீங்கள் நிற்கும் மண்ணிலேயே, முஃபுலிராவில், 1970 செப்டம்பரில் கழிவுச்சேறு நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பாய்ந்து 89 பேர் இறந்தார்கள்.

அட்டவணையில் பீசோமீட்டரை மட்டும் வைக்காதீர்கள். பிரேசிலின் புருமாதின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று டெய்லிங்ஸ் அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அந்த அணையில் பீசோமீட்டர்கள் இருந்தன, ரேடாரும் இருந்தது. முன்னறிகுறி தெளிவாக எதுவும் தெரியவில்லை என்றுதான் நிபுணர் குழு எழுதியது. செயற்கைக்கோள் படங்களில் கண்ட நகர்வு ஆண்டுக்கு 36 மில்லிமீட்டருக்கும் குறைவு. திடீரென வலுவிழந்து நொறுங்கும் இயல்புள்ள கழிவில் கருவி முன்கூட்டிச் சொல்லும் என்ற உறுதி கிடையாது. அணைக்குள் தேங்கிய நீர்க்குளம் அணைமுகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, கசிவுநீர் தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா, இவற்றையும் நடந்து பார்த்து எழுதுங்கள்.

செம்மண்தூசி:
நேற்றே அனுப்பினேன், சார். சான்றிதழில் 1013 மில்லிபார், அணைமேட்டில் 876. திருத்திய பின் 7.2. மற்ற இரண்டில் ஒன்று 6.6, இன்னொன்று 6.9. என்ஜினியர் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். இன்றிலிருந்து தினமும் இருமுறை ரீடிங், குளத்தை அணைமுகத்திலிருந்து தள்ளி இறைக்கிறோம், அந்தப் பக்கம் சேறு விடுவதை நிறுத்தியாயிற்று. திங்கட்கிழமை அவரே வருகிறார்.

போனில் வானிலை ஆப் 1017 காட்டியது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அதைத்தான் போட்டிருப்பேன்.