டை ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் 1.9, அதாவது கிட்னி சரியாக வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல், படம் தெளிவாகத் தெரிய டை போட்டுத்தான் வயிற்றுக்கு சிடி எடுத்தார்கள். வலி குறையாததால் மறுநாள் டை இல்லாமல் இன்னொரு சிடி. திரையில் பித்தப்பை சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளை வெளேரென்று தெரிந்தது, கல்லோ என்று எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. "கல் இல்லைங்க, நேத்து போட்ட டைதான். கிட்னி மெதுவா வேலை செய்யுது, அதான் கொஞ்சம் ஈரல் வழியா வந்திருக்கு" என்றார் டெக்னீஷியன். அந்தப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டை உடம்பிலேயே தங்கிவிடுமா?

மலைக்கோட்டை:
தங்கும். கிட்னி வடிகட்டியதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்று பள்ளியிலேயே படித்தோமே, டை மட்டும் விதிவிலக்கா? எனக்கு ஊசி ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை குப்பென்று சூடு பரவி, படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

எக்ஸ்ரே அறை:
மலைக்கோட்டை சொல்வது தவறு. அந்தச் சூடு பலருக்கும் வருவது, சீக்கிரம் போய்விடும், கிட்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டப்பட்டு ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராகிறது, அது சரி. ஆனால் திரும்பப் போவது தண்ணீர், உப்பு, சர்க்கரை போன்றவை. அயோஹெக்சால் மாதிரியான அயோடின் டை வடிகட்டியில் தாராளமாக இறங்கிவிடும், அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள கிட்னிக் குழாயில் வழியில்லை. தண்ணீர் மட்டும் உறிஞ்சப்படுவதால் டை செறிவாகிக்கொண்டே போகிறது, படத்தில் பளிச்சென்று தெரிவது அதனால்தான். தாராளமாக இறங்கும், திரும்பப் போகாது என்பதால்தான் கிட்னி வடிகட்டும் வேகத்தை அளக்கவே அயோஹெக்சாலைப் பயன்படுத்துகிறார்கள். கிட்னி நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் பாதி போய்விடும், 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும்.

என்னால் மறக்க முடியாதது ஒரு ஐவிபி, அதாவது டை ஊசி போட்டு கிட்னியை எடுக்கும் எக்ஸ்ரே. ஒரு கிட்னி சில நிமிடங்களில் அழகாக எழும்பி வந்தது, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்தப் பையனின் அம்மா பிலிமையே பார்த்துக்கொண்டு நின்றார். சில மணி நேரம் கழித்து எடுத்த படத்தில்தான் அந்தப் பக்கமும் மெல்ல வெளுத்து, கல் அடைத்த இடம் வரை கோடாக இறங்கியிருந்தது.

நெய்தல்:
அம்மாவுக்கு ஆஞ்சியோ, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வைகைக்கரை, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அப்பா சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகத்தின் கணக்கு) 30-க்குக் கீழே இருந்தால் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துத்தான் மறுபடி கொடுப்பார்கள். வலிக்கிறதே என்று டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், கிட்னிக்கு ஆகாது. அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை டையிலிருந்து கிட்னியைக் காப்பாற்றும் என்பார்கள், 2018-இல் வெளியான பிரிசர்வ் ஆய்வில் ஆஞ்சியோ செய்துகொண்டவர்களுக்கு அதனால் பலன் இருக்கவில்லை. டையைக் கழுவ உடனே டயாலிசிஸ் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இதயம் பலவீனமாக இருந்தால் குடம் குடமாகத் தண்ணீரும் கூடாது. அப்புறம், டை போட்ட பிறகு கிரியாட்டினின் மறுபடி பார்த்தார்களா இல்லையா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.