புதுப்பிப்பு: 9,200 பவுண்ட் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த டிரெய்லர்?

உதவிய எல்லோருக்கும் நன்றி. எங்கள் 'அரை டன்' பிக்கப்பின் (அது வகைப் பெயர்தான்) இழுவைத் திறன் 9,200 பவுண்ட். முழுச்சுமையில் 7,600 வரும், தங்கிப் பயணிக்கும் டிரெய்லர் சரிப்படுமா என்று கேட்டிருந்தேன். சரிப்படாது.

"ஓட்டுநர் கதவை ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கரைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1,480 பவுண்ட்தான் என்கிறது அது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில், அதாவது பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பில் இறங்கும். அதுவும் இதற்குள் அடங்க வேண்டும். 7,600க்கு ஏறக்குறைய ஆயிரம் போய்விட்டால், நாங்கள் நான்கு பேர் எங்கே உட்காருவது?

சிறியதாக வாங்கினோம். விளம்பரத்தில் வெற்று எடை 4,900 என்று போட்டிருந்தது, தண்ணீர், பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரமெல்லாம் ஏறியதும் லாரி எடைமேடையில் 6,050 காட்டியது. எதிர்பாராத ஒன்று: தண்ணீர்த் தொட்டி டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் இருப்பதால், அது நிரம்பினால் ஹிட்ச் எடையும் கூடுகிறது. இப்போது பாதிதான் நிரப்புகிறோம்.