ஒபாமாகேர் தீர்ப்பு: ஒரே தொகை வரியாகவும் வரி அல்லாததாகவும் இருப்பது எப்படி?

வைகறை:

பெரும்பாலானோரை மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொல்லும் 2010 சட்டம் (ஒபாமாகேர்) பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த 2012 ஜூன் 28 தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, காப்பீடு எடுக்காதவர் கட்ட வேண்டிய தொகை. ‘இது வரி அல்ல, ஆகவே வழக்கை இப்போதே விசாரிக்கலாம்’ என்று தொடங்குகிறார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். பல பக்கம் தள்ளி, ‘இது வரிதான், ஆகவே செல்லும்’ என்கிறார். எப்படிப் பொருந்தும்?

அடுத்து, 2017 டிசம்பரில் இயற்றிய வரிச் சட்டம் அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கியது. ஒரு டாலர்கூட வசூலாகாத ஒன்று வரியா? இல்லையென்றால் முழுச் சட்டமும் ஏன் விழவில்லை?

கடைசியாக, சில மாநிலங்களில் மிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்குக் காப்பீட்டு மானியம் கிடையாது, அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிப்பவருக்கு உண்டு என்கிறார்கள். இப்படி யாரும் வேண்டுமென்றே எழுதியிருக்க மாட்டார்களே?

தராசுமுள்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அங்கே நீதிமன்றத்தின் முன் இருந்தவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

வரி வசூலைத் தடுக்கக் கோரி முன்கூட்டியே வழக்குப் போடக் கூடாது, முதலில் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அது பொருந்தினால், தொகை முதன்முறை வசூலாகும் 2015 வரை வழக்கே கிடையாது. ஆனால் 1867 சட்டமும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றியது, 2010 சட்டமும் காங்கிரஸ் இயற்றியது. ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்துமா என்பதைக் காங்கிரஸ் பயன்படுத்திய சொல்லே தீர்மானிக்கும். 2010இல் அவர்கள் எழுதியது ‘அபராதம்’. எனவே தடை இல்லை.

காங்கிரசுக்கு இதை விதிக்க அதிகாரம் உண்டா என்பது அரசமைப்புக் கேள்வி. அங்கே பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. செய்தால், எதற்கும் ‘வரி’ என்று பெயர் சூட்டித் தன் அதிகாரத்தைக் காங்கிரஸ் தானே நீட்டிக்கொள்ளும். 1922இல் குழந்தைத் தொழிலாளர் வரி வழக்கில் இது நடந்தது: நிகர லாபத்தில் 10 சதவீதம், பெயர் வரி. ஆனால் தெரிந்தே சிறுவர்களை வேலைக்கு வைத்த முதலாளிக்கு மட்டும் விழுந்தது. கண்காணிப்பில் தொழிலாளர் துறைக்கும் பங்கிருந்தது. அபராதம் என்று சொல்லி ரத்து செய்தார்கள்.

அதே அளவுகோலை 2012இல் திருப்பிப் பிடித்தார் ராபர்ட்ஸ். பெயர் அபராதம், ஆனால் இயல்பு? 2016 கணக்குப்படி பெரியவர் ஒருவருக்கு 695 டாலர், அல்லது வருமான வரித் தாக்கல் வரம்புக்கு மேற்பட்ட குடும்ப வருமானத்தில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அது. உச்சவரம்பு, வெண்கலத் திட்டம் எனப்படும் அடிப்படை நிலைக் காப்பீட்டின் தேசிய சராசரி பிரீமியம். ஆக, பெரும்பாலானோருக்குக் காப்பீட்டை விட இது மலிவு. வசூலிப்பது வருமான வரி விவரத்தோடு ஐ.ஆர்.எஸ். (கூட்டாட்சி வரித் துறை). ‘தெரிந்தே செய்தாரா’ என்ற நிபந்தனை இல்லை. கட்டாவிட்டால் குற்ற வழக்கும் இல்லை, சொத்தை முடக்கவும் முடியாது. கட்டிவிட்டால் அவர் சட்டத்தை மீறியவரும் அல்ல. இவ்வளவும் சேர்ந்தால் வரியாகப் படிக்க இடமிருக்கிறது, சட்டத்தைக் காப்பாற்ற அது போதும் என்றார்.

தீர்ப்பைப் படிக்கும்போது எந்தப் பகுதியில் யார் கையெழுத்து என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். வரி பற்றிய மூன்றாம் பகுதியின் ‘சி’ பிரிவுக்கு ஐந்து பேர்: ராபர்ட்ஸ், கின்ஸ்பர்க், பிரேயர், சோட்டோமயோர், கேகன். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில் காப்பீட்டுக் கட்டாயம் அடங்காது என்ற ‘ஏ’ பிரிவில் ராபர்ட்ஸ் தனியாள். கோதுமை விளைவிப்பவரைக் கட்டுப்படுத்தலாம் (1942), கஞ்சா வளர்ப்பவரைக் கட்டுப்படுத்தலாம் (2005), ஒன்றுமே செய்யாமல் இருப்பவரை வாங்கச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். எதிர்த்த நால்வரும் அதே முடிவைத் தனியாக எழுதினார்கள், அவரோடு சேரவில்லை. எண்ணிக்கை ஐந்து, ஆனால் அது கட்டுப்படுத்தும் தீர்ப்பா என்று சட்டப் பேராசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

குறும்பலா:

இரண்டாவது கேள்விக்கு விடை 2021 தீர்ப்பில் இருக்கிறதே. டெக்சாஸ் தலைமையிலான மாநிலங்கள் போட்ட வழக்கில், பூஜ்யமானாலும் சட்டம் செல்லும் என்று 7-2இல் சொல்லிவிட்டார்கள்.

நடுவழி:

இல்லை குறும்பலா, அப்படிச் சொல்லவில்லை. செய்திகளில் அப்படித்தான் வந்தது, அதனால் பரவிவிட்டது. வழக்குப் போட்டவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று மட்டுமே நீதிபதி பிரேயர் எழுதினார். தகுதிக்கு மூன்று வேண்டும்: தனக்கு நேர்ந்த பாதிப்பு, அது எதிர்க்கும் விதியால் வந்தது என்ற தொடர்பு, நீதிமன்ற ஆணையால் தீரும் என்ற வாய்ப்பு. தொகை பூஜ்யமானதும் அந்த விதியை யாரும் யார் மீதும் செயல்படுத்த முடியாது. பாதிப்பு விதியால் வரவில்லை, தடுக்க வேண்டிய செயலும் இல்லை. வழக்கு அங்கேயே முடிந்தது.

அதற்கு முன் 2018 டிசம்பரில் டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றம் முழுச் சட்டத்தையும் செல்லாது என்றது. 2019 டிசம்பரில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் செல்லாது, மீதியைப் பிரித்துப் பார்க்கலாமா என்று மறுபடி ஆராயுங்கள் எனத் திருப்பி அனுப்பியது. உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்வியையும் தொடவே இல்லை. வைகறை கேட்ட ‘பூஜ்யம் வரியா’ என்பதற்கு இன்றுவரை அதிகாரபூர்வ விடை கிடையாது. எதிர்த்து எழுதிய அலிட்டோவும் கோர்சச்சும் ‘வரி அல்ல’ என்றார்கள், அவ்வளவே.

நடைமுறையில் ஒன்றை மறக்கக் கூடாது. கூட்டாட்சித் தொகைதான் பூஜ்யம். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டி.சி. ஆகியவற்றில் தனிக் கட்டாயமும் தனித் தொகையும் உண்டு. காங்கிரஸ் ‘அரசமைப்பின் எந்த விதியின் கீழ்’ என்று ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும். மாநிலம் காட்ட வேண்டியதில்லை, மக்கள் நலனுக்குச் சட்டம் செய்யும் பொது அதிகாரம் அதனிடம் இருக்கிறது. 1905இல் அம்மை ஊசி மறுத்தவருக்கு மாசசூசெட்ஸ் விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்றதும் இதை வைத்துத்தான். இந்த இடங்களில் இருப்பவர்கள் ‘கூட்டாட்சித் தொகைதான் ரத்தாகிவிட்டதே’ என்று விட்டுவிட்டு மாநில வரித் தாக்கலில் மாட்டுவார்கள்.

தராசுமுள்:

மூன்றாவதுக்கும் நானே வருகிறேன். ஆம், தீர்ப்பின் விளைவுதான்.

2010 சட்டத்தின் கணக்கு இது: வறுமைக்கோட்டில் 133 சதவீதம் வரை எல்லா மாநிலத்திலும் மெடிக்கெய்ட் எனும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு (வருமானக் கணக்கில் 5 புள்ளி தள்ளுபடி உண்டு, ஆகவே நடைமுறையில் 138). அதற்கு மேலிருப்பவருக்குக் காப்பீட்டுச் சந்தையில் வாங்க வரிச்சலுகை. சலுகையின் கீழ்வரம்பை 100 சதவீதம் என்று எழுதினார்கள், அதற்குக் கீழே எல்லோருக்கும் மெடிக்கெய்ட் இருக்கும் என்ற நம்பிக்கையில்.

மெடிக்கெய்டை இந்த அளவுக்கு விரிவுபடுத்தாத மாநிலம் பழைய மெடிக்கெய்ட் பணம் முழுவதையும் இழக்கலாம் என்பதே மிரட்டல். 1987இல் மது வாங்கும் வயதை 21 ஆக்காத தெற்கு டகோட்டாவுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் 5 சதவீதம் பிடிக்கலாம் என்று ஏற்றிருந்தார்கள். அது மாநில வரவு செலவில் அரை சதவீதத்துக்கும் குறைவு. மெடிக்கெய்டோ சராசரி மாநிலச் செலவில் 20 சதவீதத்துக்கு மேல். இது தூண்டுதல் அல்ல, தலையில் வைத்த துப்பாக்கி என்று ராபர்ட்ஸ் எழுத, ஏழு நீதிபதிகள் இது வற்புறுத்தல் என்ற முடிவில் ஒன்றுபட்டார்கள். விரிவாக்கம் மாநிலத்தின் விருப்பமானது. வரிச்சலுகைப் பிரிவின் 100 சதவீத வரம்பை யாரும் திருத்தவில்லை. நடுவில் பள்ளம்.

எண்ணில் பாருங்கள். 2025 வறுமைக்கோடு தனிநபருக்கு 15,650 டாலர் (அலாஸ்கா, ஹவாய் தவிர). 2026 காப்பீட்டுச் சலுகைக்கு இதுதான் அளவு. டெக்சாசில் குழந்தை இல்லாத, ஊனம் இல்லாத, 40 வயதுக்காரர் ஆண்டுக்கு 15,000 சம்பாதித்தால் மெடிக்கெய்டும் இல்லை, சலுகையும் இல்லை. 16,000 என்றால் சலுகை உண்டு. விரிவுபடுத்தாத எல்லா மாநிலமும் இப்படி அல்ல: விஸ்கான்சின் 100 சதவீதம் வரை சொந்த ஏற்பாட்டில் மெடிக்கெய்ட் தருவதால் அங்கே பள்ளம் இல்லை.

வைகறை:

நன்றி. அப்படியானால் அந்த 15,000 டாலர்காரர், சிகிச்சை என் அடிப்படை உரிமை என்று வழக்குப் போட முடியாதா?

நடுவழி:

முடியாது. அமெரிக்க அரசமைப்பு அரசின் கையைக் கட்டுகிறதே தவிர, அரசு இதைக் கொடு என்று பெரும்பாலும் சொல்வதில்லை. விதிவிலக்கு சிறைக் கைதி: அவருடைய கடும் மருத்துவத் தேவையைத் தெரிந்தே புறக்கணிப்பது கொடிய தண்டனை என்று 1976இல் தீர்ப்பு. வெளியே இருப்பவருக்கு அந்த வாதம் கிடையாது.

அவசரப் பிரிவு வேறு. மெடிகேர் (முதியோருக்கான கூட்டாட்சிக் காப்பீடு) பணம் வாங்கும் மருத்துவமனை, வருபவரைப் பரிசோதித்து, ஆபத்து நிலை இருந்தால் நிலைப்படுத்த வேண்டும் என்று 1986 சட்டம் சொல்கிறது. இலவசம் என்று சொல்லவில்லை, பில் வீட்டுக்கு வரும். புற்றுநோய்க்குத் தொடர் சிகிச்சையும் அதில் அடங்காது.

மெடிக்கெய்டில் இருப்பவருக்கே வழக்குப் பாதை குறுகிவருகிறது. தகுதியுள்ள எந்த மருத்துவரிடமும் போகலாம் என்ற மெடிக்கெய்ட் விதியை வைத்து நோயாளி மாநிலத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று 2025 ஜூனில் 6-3இல் சொன்னார்கள். நிதி கொடுக்கும் சட்டத்தில் நிபந்தனையை மாநிலம் மீறினால், பணத்தை நிறுத்துவதுதான் வழக்கமான பரிகாரமாம். நிறுத்தினால் அடி விழுவதும் அதே நோயாளிகளுக்குத்தான்.