மோதிர விரலின் அடியில் முடிச்சு, விரல் நிமிரவில்லை: இது டுப்யூட்ரன் சுருக்கமா?

கேள்வி:
62 வயதான என் தந்தைக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு அவருடைய வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு தென்பட்டது. வலி இல்லாததால் காய்ப்பு என்று விட்டுவிட்டோம். இப்போது அங்கிருந்து விரலை நோக்கிக் கயிறு போல ஒன்று தடித்து நிற்கிறது. முகம் கழுவும்போது அந்த விரல் கண்ணில் குத்துகிறது என்கிறார். நரம்பு சுருண்டுவிட்டது என்று சொல்லி உறவினர் ஒருவர் எண்ணெய் தேய்த்து விரலை இழுத்துவிடுகிறார். இதைத் தொடரலாமா?

பதில் 1:
நீங்கள் விவரிப்பது டுப்யூட்ரன் சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதில் பழுதுபடுவது நரம்பும் அல்ல, விரலை மடக்கும் தசைநாணும் அல்ல. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் நார்ப்படலம் தடித்துச் சுருங்குவதால், அதனோடு ஒட்டிய தோல் குழிந்து, விரல் உள்நோக்கி இழுபடுகிறது. எண்ணெயால் அந்த நார் இளகாது. பலங்கொண்டு இழுப்பதை இன்றே நிறுத்துங்கள்.

மேசைமீது உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையும் விரல்களும் முழுதும் படிந்தால் அவ்வப்போது கவனித்து வந்தால் போதும். படியவில்லையென்றால் கை அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். விரலின் அடி மூட்டு ஏறக்குறைய 30 பாகை மடங்கும்போதுதான் பெரும்பாலும் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். நடு மூட்டு மடங்கத் தொடங்கினாலோ தாமதிக்கக் கூடாது, ஏனெனில் அது இறுகிப்போனால் அறுவைக்குப் பிறகும் முழுதாக நிமிர்வது கடினம்.

பதில் 2:
மடங்கிய விரல் எல்லாம் இந்த நோயாகிவிடாது. மறு கையால் நிமிர்த்தும்போது 'டக்' என்று விடுபட்டால் அது ட்ரிக்கர் விரல், அதாவது விரலை மடக்கும் தசைநாண் தன் உறையில் சிக்கிக்கொள்ளும் வேறொரு நோய். சர்க்கரை நோயாளிகளிடம் அதுவும் மிகுதி. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி, அங்கே உணர்ச்சியும் குறைந்திருந்தால், தொழுநோயால் முழங்கையருகே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். நம் நாட்டில் இதை மறந்துவிட முடியாது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். (சூடு வைத்துச் சோதிக்க வேண்டாம்; மரத்த விரல் வெந்துபோகும்.)

பதில் 3:
எனக்கு இடக்கையில் அறுவை நடந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. மோதிர விரல் நிமிர்ந்தது; ஆனால் மருத்துவர் முன்பே எச்சரித்தபடி, இப்போது சுண்டு விரலில் புதிய நார் ஒன்று தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கையைப் பக்கவாட்டில் படம் எடுத்து வைக்கிறேன். மருத்துவரிடம் வாயால் விளக்குவதைவிட அது எளிது. வண்டியின் கைப்பிடியிலும் தோசைக் கரண்டியிலும் துணி சுற்றித் தடிமனாக்கினேன். அதனால் நோய் நிற்கவில்லை, பிடி மட்டும் வசதியாயிற்று.

கேட்டவர்:
மேசைமீது வைத்துப் பார்த்தோம். உள்ளங்கைக்கு அடியில் பேனா தாராளமாக நுழைகிறது. பஞ்சு பட்டது தெரிகிறது, மறு கையால் தூக்கினாலும் விரல் நிமிரவில்லை. உறவினரிடம் சொல்லிவிட்டோம், வியாழக்கிழமை நிபுணரைப் பார்க்கிறோம்.