மொலாசஸ் ஊற்றிய தக்காளிச் செடிகளில் இலைகள் மஞ்சளாகின்றன: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தொட்டியில் வளரும் தக்காளிச் செடிகளுக்கு, 4 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி மொலாசஸை (கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கெட்டியான பாகு) கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றி வந்தேன். அதிலுள்ள சர்க்கரை செடிக்கு நேரடி உணவன்று, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கே தீனி என்பதும், பொட்டாசியம் போன்ற சத்துகள் ஓரளவு கிடைக்கும் என்பதும் தெரிந்தே தொடங்கினேன். மூன்றாவது வாரத்தில் அடியிலைகள் நரம்பு உட்பட வெளிர்மஞ்சளாகிவிட்டன. மண்ணைக் கிளறினால் புளித்த வாடை வருகிறது, தொட்டி விளிம்பில் எறும்புகள் சாரை சாரையாக ஊர்கின்றன (அவற்றுக்கு மட்டும் நல்ல விருந்து). பெருகிய நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தமக்கே இழுத்துக்கொண்டனவா, அல்லது ஈரம் தேங்கி வேருக்குக் காற்று குறைந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. பாகை நிறுத்திவிட்டு மக்கிய தொழுவுரம் இட்டால் போதுமா, மண்ணையே மாற்ற வேண்டுமா? வெல்லமோ தேனோ கரைத்து ஊற்றிப் பார்த்தவர்கள், அளவையும் இடைவெளியையும் குறிப்பிட்டு எழுத வேண்டுகிறேன்.