சீசேரியனுக்குப் பிறகு வலி மாத்திரை: பாலூட்டும் தாய் எடுக்கலாமா?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை):
வணக்கம். என் தங்கை சீசேரியன் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்தாள். வைத்தியர் பனடோலும் டைக்ளோஃபெனாக்கும் எழுதிக் கொடுத்திருந்தும், மருந்து பாலில் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துப் பல்லைக் கடித்தபடி எழும்புகிறாளே தவிர, மாத்திரையைத் தொட மறுக்கிறாள். இவற்றை எடுக்கலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற தாதி, கிண்ணியா):
தாராளமாக எடுக்கலாம், மகள். இரண்டும் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவிலேயே கலக்கின்றன. பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேற்படாமல், வலி கடுமையாகும்வரை காத்திராது நேரத்துக்குக் கொடுங்கள். எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். டைக்ளோஃபெனாக் சாப்பாட்டுக்குப் பிறகுதான். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா இருந்தால் அதற்கு முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உங்கள் தங்கை வலிக்குப் பயந்து அசையாமல் படுத்துவிடுவாரோ என்பதே என் கவலை. சீசேரியனுக்குப் பின் நடமாடாவிட்டால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது.

பதில் 2 (மூதூர்):
கோடீன் என்ற வலி மருந்து கலந்த மாத்திரைகளை மட்டும் பார்மசியில் நீங்களாக வாங்க வேண்டாம். சிலருடைய உடல் கோடீனை மிக வேகமாக மோர்ஃபினாக மாற்றுவதால், பால் குடிக்கும் குழந்தை அளவுமீறி உறங்கி, மூச்சும் மந்தமாகக்கூடும். இருமும்போது தையலின் மேல் தலையணையை அணைத்துப் பிடிப்பதும், ஒருக்களித்துப் படுத்துப் பாலூட்டுவதும் நல்ல ஆறுதல் தரும்.

பதில் 3 (நிலாவெளி):
வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் கண்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.